வாலட்டில் காயின் இல்லை!

பிட்காயின் வாலட்டை இன்ஸ்டால் செய்த நண்பர்கள் பலர், காயின்கள் தங்கள் கம்ப்யூட்டரில் இருப்பதாகவே என்னிடம் சொல்கிறார்கள். அப்படியல்ல. கணக்கு முழுவதும் பிளாக்செயின் என்ற பொதுப் பேரேட்டில், உலகெங்கும் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களில் பதிவாகியுள்ளது. வாலட்டில் இருப்பது செலவு செய்வதற்கான ரகசியச் சாவி மட்டுமே.

பிரிட்டனின் நியூபோர்ட் நகரில் 2013-ல் ஒருவரின் ஹார்ட் டிஸ்க் குப்பைக் கிடங்குக்குப் போய்விட்டது. சுமார் 8,000 பிட்காயின்களின் சாவி அதில் இருந்தது என்கிறார். கிடங்கைத் தோண்டக் கேட்டு அவர் தொடுத்த வழக்கை 2025 ஜனவரியில் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

இன்றைய வாலட்கள் பல, தொடக்கத்திலேயே 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்களைத் தருகின்றன. டிஸ்க் போனாலும் சாவியை மீண்டும் உருவாக்க இவை போதும். பேப்பரில் எழுதிப் பீரோவில் பூட்டுங்கள். போட்டோ எடுக்க வேண்டாம். சரிபார்க்க வேண்டும் என்று யார் கேட்டாலும் தராதீர்கள், கேட்பவர் திருடர்தான்.