ஊர் ஒருசேர முதுமையடைந்தால்...

கணிப்பொறித் திரையில் நகரம் அமைக்கும் விளையாட்டுகள், வில் ரைட் உருவாக்கி 1989-இல் வெளிவந்த சிம்சிட்டியால் புகழ்பெற்றன. சாலை போடுதலும் வரி விதித்தலுமே இவற்றின் வேலை என்று பலர் எண்ணுவர். ஆனால் பிற்காலத்தில் வந்த சில ஆட்டங்களில் குடிமக்களுக்கு வயதும் உண்டு. மக்கள்தொகை முதுமையடைந்தால் உழைப்போர் தொகை என்னவாகும் என்பதை அவற்றில் நாமே சோதித்துப் பார்க்கலாம்.

பின்லாந்தின் கொலாசல் ஆர்டர் நிறுவனம் உருவாக்கிய 'சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ்' (2015) ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். இதில் முதியோர் வேலைக்குச் செல்வதில்லை. சோதனை எளிது. வளரும் ஊர் ஒன்றைச் சேமித்து, அதை இரு வகையாகத் தொடர வேண்டும். முதல் வகையில் பெரியதொரு குடியிருப்புப் பகுதியை ஒரே நேரத்தில் திறந்துவிட வேண்டும். இரண்டாம் வகையில் அதே அளவு நிலத்தைச் சிறிது சிறிதாகத் திறக்க வேண்டும். வேறெதையும் மாற்றலாகாது.

முதல் ஊரில் ஏறக்குறைய ஒரே வயதினர் ஒன்றாகக் குடியேறுவர், ஒன்றாகவே முதுமையடைவர். தொழிற்சாலைகள் ஆளின்றித் தவிக்கும். பின்னர் மரணங்கள் ஒரே காலத்தில் பெருகி, அமரர் ஊர்திகளும் போதாமற் போகும். ஆடுவோர் இதனை 'மரண அலை' என்றே அழைக்கின்றனர். இரண்டாம் ஊரிலோ, ஓய்வு பெறுவோரின் இடத்தை இளையோர் நிரப்பிக்கொண்டே வருவர். குடிமக்களின் எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றாக இருக்கலாம். உழைப்போர் விகிதம் ஒன்றாக இராது.

2014-இல் வெளிவந்த 'பேனிஷ்டு' வேறொரு பாடம் புகட்டுகிறது. இதில் முதியோரும் இறக்கும்வரை உழைப்பர். ஆதலால் முதுமையின் விளைவு உடனே புலப்படாது. காலி வீடு இல்லையெனில் இளையோர் தனிக்குடித்தனம் போவதில்லை, பிறப்பும் குறையும். வேலைக்கு ஆள் போதுமென்று வீடு கட்டுவதை நிறுத்திய ஊர், முதியோர் மறையும்போது திடீரெனச் சரியும். வயலில் இறங்க ஆளின்றிப் பஞ்சமும் தொடரும்.

இது வெறும் கற்பனையன்று. டோக்கியோவின் மேற்கேயுள்ள தாமா புதுநகரில் 1971-இல் குடியேற்றம் தொடங்கியது. இளங்குடும்பங்கள் திரளாக வந்தன. பிள்ளைகள் வளர்ந்து வெளியேற, பெற்றோர் ஒருசேர முதுமையடைந்தனர். தொடக்ககாலக் குடியிருப்புகளில் பள்ளிகள் சில மூடப்பட்டன.

ஆயினும் ஆட்டத்திற்கும் வாழ்க்கைக்கும் வேறுபாடு உண்டு. ஸ்கைலைன்ஸில் காலியான வீட்டிற்கு வெளியூரார் விரைவில் வந்துவிடுவர். அங்கே ஓய்வூதியச் சுமை இல்லை. நோயுற்ற தாயைப் பேணுவதற்காக வேலையை விடும் மகளும் இல்லை. ஆகவே உண்மை நகரத்தின் இழப்பு, திரையில் காண்பதைவிடப் பெரிதாகவே இருக்கும்.

ஓர் ஊரில் எத்தனை பேர் என்று கேட்பதோடு நில்லாமல், எந்த வயதில் எத்தனை பேர் என்றும் கேட்கப் பழகுவோம். நாளைய நகரங்களைத் திட்டமிடப் போகும் நமக்கு இந்தக் கேள்வி இன்றே வேண்டும்.