நரேலா போனாலும் கீமோ தேதி தப்பக் கூடாது

2025 ஜூன் 1 அன்று தில்லி ஜங்புராவில் தமிழர்கள் வாழ்ந்த மதராசி கேம்ப் குடிசைப் பகுதியை இடித்துத் தள்ளினார்கள். பாராபுல்லா வடிகாலைச் சீர்செய்ய வேண்டும் என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. சுமார் 370 வீடுகளில் 215 குடும்பங்களுக்கே மாற்று வீட்டுக்குத் தகுதி உண்டு என்றார்கள். அந்த வீடும் சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி, நகரின் வடகோடியில், நரேலாவில்.

இந்தத் தூரத்தால் பறிபோன வீட்டு வேலைகளைப் பற்றியும் பிள்ளைகளின் படிப்பைப் பற்றியும் நிறைய எழுதப்பட்டது. நோயாளிகளின் பாடு அவ்வளவாக யார் கண்ணிலும் படவில்லை. ஜங்புராவில் இருந்தவரை எய்ம்ஸ், சப்தர்ஜங் மருத்துவமனைகள் கிட்டத்திலேயே இருந்தன.

ஒரு தாய்க்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் என்று வைத்துக்கொள்வோம். ‘கரண்ட் வைப்பது’ என்று நம்மவர்கள் சொல்லும் கதிர்வீச்சு வாரத்துக்கு ஐந்து நாள், ஏறத்தாழ ஐந்து வாரம் நடக்கும். அதன்பின் உள்கதிர்வீச்சு. எல்லாமே எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும் என்கிறது மருத்துவம். இழுத்தடித்தால் பலன் குறையும். கூடப் போகும் மகளுக்கோ ஒரு நாள் விடுப்பு என்றால் ஒரு நாள் கூலி போச்சு. ஆகவே சிகிச்சை தொடங்குமுன்பே தூரத்தைச் சொல்லி, தேதிகளைக் கேட்டு வாங்கி, துணைக்குப் போக முறை வைத்துக்கொள்வது நல்லது. நரேலாவிலிருந்து சமய்பூர் பாத்லி வந்துவிட்டால் மஞ்சள் தட மெட்ரோ மாறாமல் எய்ம்ஸ் வாசலில் இறக்கிவிடும்.

கீமோ நாட்களில் காய்ச்சலை அலட்சியப்படுத்தவே கூடாது. வெள்ளையணுக்கள் பெரும்பாலும் மருந்து ஏறிய 7 முதல் 14 நாட்களுக்குள் அடிமட்டத்துக்கு இறங்கும். அப்போது உடம்புச் சூடு 100.4 டிகிரியைத் தொட்டால், பாராசிட்டமால் கொடுத்து விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அந்த இரவே அவசரப் பிரிவுக்குப் போய், கீமோ நடப்பதை முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். அணுக்கள் தேறும்வரை அடுத்த தவணையை மருத்துவர் தள்ளிவைப்பார். ‘டாக்டர் கைவிட்டுட்டார்’ என்று அதற்கு அர்த்தமில்லை.

பணத்துக்கு வழிகள் உண்டு. 70 வயது நிறைந்த எவருக்கும், வருமானம் பார்க்காமல், ஆயுஷ்மான் வய வந்தனா அட்டை கிடைக்கும். ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. 2025 ஏப்ரலில் தில்லியும் அத்திட்டத்தில் சேர்ந்து, தன் பங்காக இன்னொரு 5 லட்சத்தைக் கூட்டியது. மகன் காவலாளியாகவோ துப்புரவுப் பணியிலோ இருந்து சம்பளத்தில் இஎஸ்ஐ பிடித்தால், அவரை நம்பி வாழும் பெற்றோருக்கும் மருத்துவ உரிமை உண்டு. பல வீடுகளில் இது தெரியவே தெரியாது. சலுகை விலையில் அரசு நிலம் பெற்ற தில்லித் தனியார் மருத்துவமனைகள், வெளிநோயாளிகளில் 25 சதவீதத்தினருக்கும் உள்நோயாளிகளில் 10 சதவீதத்தினருக்கும் ஏழைகள் என்ற முறையில் இலவசச் சிகிச்சை தந்தாக வேண்டும். 2007இல் உயர் நீதிமன்றம் விதித்ததை 2018இல் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது.

ஏழைகளின் சிகிச்சைக்கு உதவும் தில்லி அரசின் ஆரோக்ய கோஷ் நிதிக்கோ மூன்றாண்டு தில்லியில் வசித்ததற்குச் சான்று கேட்பார்கள். வீட்டை இடித்துவிட்டு முகவரி கேட்பது விசித்திரம்தான்! அதனால் மதராசி கேம்ப் முகவரியிட்ட பழைய வாக்காளர் அட்டை, ரேஷன் அட்டை எதையும் தூக்கிப் போடாமல் வைத்திருக்க வேண்டும். பயாப்சி அறிக்கை, ஸ்கேன், பர்ச்சா எனப்படும் மருத்துவச் சீட்டு எல்லாவற்றையும் கைபேசியில் படமெடுத்து வைப்பதும் உதவும். சிகிச்சைப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான நடத்தை விதி.

மருந்து கேட்காத கட்டம் வந்தாலும் வலியோடு கிடக்க வேண்டியதில்லை. 1996இல் தொடங்கிய கேன்சப்போர்ட் அமைப்பின் மருத்துவர்களும் செவிலியரும் தில்லியில் வீடு தேடி வந்து இலவசமாக வலிதணிப்புச் சிகிச்சை தருகிறார்கள்.

ஊருக்கே திரும்ப விரும்புவோருக்கு உதவுவதாகக் கேம்ப் இடிபட்டபோதே தமிழக அரசு அறிவித்தது. சிகிச்சையைச் சென்னைக்கு மாற்றிக்கொள்ளும் குடும்பம், மருத்துவமனை கையொப்பமிட்ட சலுகைப் படிவத்தோடு ரயில் முன்பதிவுக் கவுண்டருக்குப் போகலாம். ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் புற்றுநோயாளிக்குக் கட்டணம் இல்லை. துணைக்குப் போகும் ஒருவர் கால்பங்கு கட்டினால் போதும்.