மருந்து அடிக்க லைசென்ஸ் யாருக்கு வேண்டும்?

போன மாதம் எங்கள் குடியிருப்பில் கரையானுக்கு மருந்து அடிக்க இரண்டு பையன்கள் வந்தார்கள். முகத்தில் துணி மாஸ்க், கையில் உறை கிடையாது, காலில் ரப்பர் செருப்பு.

"தம்பி, என்ன மருந்து இது?"

"கரையான் மருந்துதான் சார்."

டப்பாவைக் காட்டச் சொன்னேன். லேபிள் இல்லாத வெள்ளைக் கேன். "ஆபீஸ்லயே கலந்து குடுத்துருவாங்க சார்" என்றான் மூத்தவன். லைசென்ஸ் இருக்கா என்று கேட்டதற்கு, "அதுவும் ஆபீஸ்லதான் சார் இருக்கு" என்றான்.

அன்றைக்கு வேலை நடக்கவில்லை. அவர்களை அனுப்பிவிட்டு, இந்தத் தொழிலுக்கு சட்டம் என்னதான் சொல்கிறது என்று படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் பாதி ஆறுதலாக இருந்தது, பாதி தூக்கத்தைக் கெடுத்தது. இரண்டையும் இங்கே குறித்து வைக்கிறேன்.

எங்கிருந்து வந்த சட்டம்

1958 ஏப்ரல், மே மாதங்களில் கேரளத்திலும் அன்றைய மதராஸ் மாநிலத்திலும் நூறு பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அவர்கள் சாப்பிட்ட கோதுமை மாவில் பாரத்தியான் என்ற பூச்சிக்கொல்லி கலந்திருந்தது. அதை விசாரிக்க பம்பாய் உயர்நீதிமன்ற நீதிபதி ஜே.சி. ஷா தலைமையில் ஆணையம் அமைத்தார்கள். பத்து வருடம் கழித்து வந்ததுதான் பூச்சிக்கொல்லிச் சட்டம், 1968. அதன் விதிகள் 1971-ல் வந்தன. இன்றைக்கும் நம்மை ஆள்வது இவைதான்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1958-ல் செத்தவர்கள் மருந்து அடித்தவர்கள் இல்லை, சாப்பிட்டவர்கள். விஷம் எங்கே தயாராகிறது, எப்படிப் பொதிகிறார்கள், எதோடு சேர்த்து ஏற்றுகிறார்கள், யார் விற்கிறார்கள் என்பதுதான் அன்றைய கவலை. சட்டத்தின் கண் டப்பாவின் மேல்தான் அதிகம் இருக்கிறது, டப்பாவைத் திறக்கிற கையின் மேல் குறைவு. இது என் வாசிப்பு. ஆனால் பிரிவு பிரிவாகப் படித்தால் நீங்களும் இதே இடத்துக்குத்தான் வந்து சேர்வீர்கள் என்று நினைக்கிறேன்.

யாருக்கு உரிமம் வேண்டும்

பிரிவு 13 சொல்வது: பூச்சிக்கொல்லி தயாரிக்க, விற்க, விற்பனைக்கு இருப்பு வைக்க உரிமம் வேண்டும். வணிக நோக்கில் பூச்சிக் கட்டுப்பாட்டு வேலை செய்யவும் வேண்டும். வீடு, கடை, பொது இடம், நிலம் என்று எங்கே காசுக்கு மருந்து அடித்தாலும் அது இந்த வேலைதான். வயலில் அடிப்பதும் வானிலிருந்து தெளிப்பதும் இதில் சேர்த்தி. சொந்தப் பயன்பாடு மட்டும் சேராது.

இந்த உரிமத்துக்குக் கல்வித் தகுதி உண்டு. வேளாண்மைப் பட்டம், அல்லது வேதியியலை ஒரு பாடமாகப் படித்த அறிவியல் பட்டம். அதோடு மைசூரின் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் மாதிரியான இடத்தில் குறைந்தது 15 நாள் பயிற்சி பெற்ற சான்றிதழ்.

சரி, எங்கள் வீட்டுக்கு வந்த பையன்களிடம் இந்தப் பட்டம் இருக்குமா? இருக்காது, சட்டம் அதைக் கேட்கவும் இல்லை. பட்டதாரி ஒருவர் பெயரில் உரிமம் ஆபீஸில் தொங்கும். களத்தில் இறங்குகிறவர் அவருக்குக் கீழே வேலை செய்கிற ஆள். ஆனால் அப்படி அனுப்புகிறவர்களுக்குக் கடமைகள் இருக்கின்றன. விதி 39 பாதுகாப்பு உடைகளைப் பட்டியல் போடுகிறது: மருந்து ஊடுருவாத மேலங்கி, முன்கையில் பாதி வரை வருகிற உறை, கண்ணாடி, பூட்ஸ். தெளிப்பு வேலையில் இருப்பவர்களை வேலைக்குச் சேர்க்கும் முன்பும், பிறகு வருடத்துக்கு ஒருமுறையாவதும் மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும். ஆர்கனோபாஸ்பரஸ், கார்பமேட் வகை மருந்துகளைத் தயாரிக்கிற ஆலைகளில் வேலை செய்கிறவர்களுக்கு மாதம் ஒருமுறை ரத்தத்தில் கோலினெஸ்டெரேஸ் அளவைப் பார்க்க வேண்டும்.

ஏன் இந்தக் கடைசிப் பரிசோதனை? நரம்பு தசைக்குக் கட்டளை அனுப்பி முடித்ததும், அந்தச் செய்தியைத் துடைத்துப் போடுகிற நொதிகளின் குடும்பம் இது. இந்த மருந்துகள் அதை முடக்கிவிடும். செய்தி துடைக்கப்படாமல் தேங்கும். வாயில் எச்சில் வழியும், வேர்த்துக் கொட்டும், கண்பாவை சுருங்கும், மூச்சுத் திணறும். ஒரே நாளில் நிறைய உடம்பில் ஏறினால் ஆள் விழுவது தெரியும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தோல் வழியாக ஏறினால் வெளியே ஒன்றும் தெரியாது, ரத்தத்தில்தான் தெரியும். விழுவதற்கு முன்பே எச்சரிக்கை மணி அடிக்கத்தான் இந்த விதி.

சித்தப்பாவின் கேள்வி

பெரம்பலூர் பக்கம் என் சித்தப்பா பருத்தி போடுகிறார். போனில் இதையெல்லாம் சொன்னேன். "லைசென்ஸா? நம்ம கொல்லையில நாம மருந்து அடிக்க எவன்கிட்டடா கேக்கணும்?" என்றார்.

அவர் சொன்னது சட்டப்படி சரி. பிரிவு 38 அதையேதான் சொல்கிறது. சொந்த வீட்டுத் தேவைக்கோ, வீட்டுத் தோட்டத்துக்கோ, தான் சாகுபடி செய்கிற நிலத்துக்கோ ஒருவர் பூச்சிக்கொல்லி பயன்படுத்தினால் அதற்கு இந்தச் சட்டமே பொருந்தாது. சின்ன விவசாயியை அலையவிடக் கூடாது என்ற எண்ணம் இதில் தெரிகிறது, அதில் நியாயமும் இருக்கிறது.

ஆனால் சித்தப்பா தானே அடிப்பதில்லை. ஊரில் மருந்து அடிக்கிறவர் ஒருவர் இருக்கிறார். அவருக்கு டேங்க் கணக்கில் கூலி. எத்தனை டேங்க் காலி பண்ணுகிறாரோ அத்தனை காசு. நின்று கை கழுவினால், காற்று அடங்கட்டும் என்று உட்கார்ந்தால், அது அவர் சம்பளத்தில் குறையும். எழுத்தைப் பிடித்துக்கொண்டு பார்த்தால், காசுக்கு நாலு பேர் வயலில் அடிக்கிற அவரும் வணிக நோக்கில் தெளிப்பவர்தான் என்று வாதாடலாம். நடைமுறையில் அவரை யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. தயாரிக்கிறவருக்கு உரிமம், விற்கிறவருக்கு உரிமம், நகரத்தில் கரையானுக்கு அடிக்கிற நிறுவனத்துக்கு உரிமம். வயலுக்கு மேல் ட்ரோன் ஓட்டுகிறவருக்குக்கூட சான்றிதழ் வேண்டும். முதுகில் டேங்க் சுமக்கிறவருக்கு மட்டும் ஒன்றும் கிடையாது. உரிமம் இல்லாததால் பயிற்சி இல்லை, உறை இல்லை, மருத்துவப் பரிசோதனை இல்லை.

அதன் விலை 2017-ல் தெரிந்தது. மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து அடித்த விவசாயிகளும் கூலிக்காரர்களும் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள்.

உரிமம் ஆளுக்கா, விஷத்துக்கா

அமெரிக்காவில் இதை வேறு மாதிரி கட்டியிருக்கிறார்கள். அங்கே 1947-ல் வந்த பூச்சிக்கொல்லிச் சட்டத்தை 1972-ல் திருத்தியபோது மருந்துகளை இரண்டாகப் பிரித்தார்கள்: பொதுப் பயன்பாடு, கட்டுப்படுத்தப்பட்ட பயன்பாடு. இரண்டாவது வகையைத் தொட வேண்டுமானால் சான்றிதழ் பெற்றவராக இருக்க வேண்டும், அல்லது அப்படிப்பட்டவரின் நேரடி மேற்பார்வையில் வேலை செய்ய வேண்டும். சொந்த நிலத்தில் அடிக்கிற விவசாயிக்கும் இதில் விலக்கு கிடையாது, அவருக்கென்று தனிச் சான்றிதழ் வைத்திருக்கிறார்கள். வயது 18 ஆகியிருக்க வேண்டும். ஐந்து வருடத்துக்கு மேல் சான்றிதழ் செல்லாது, புதுப்பிக்க வேண்டும். பாராகுவாட் களைக்கொல்லிக்கு மேற்பார்வைச் சலுகைகூட இல்லை, சான்றிதழ் உள்ளவரே கையாள வேண்டும்.

அங்கே உரிமம் விஷத்தின் கொடுமையைப் பார்த்து வருகிறது, இங்கே தொழிலின் வகையைப் பார்த்து வருகிறது. இதுதான் முக்கியமான வித்தியாசம்.

நம் ஊரிலும் விஷத்தைப் பார்த்து உரிமம் கேட்கிற இடம் ஒன்று உண்டு, அலுமினியம் பாஸ்பைடு. தானியக் கிடங்கில் வைக்கிற மாத்திரை. ஈரம் பட்டால் பாஸ்பீன் வாயு வரும். 3 கிராம் மாத்திரை ஒன்று 1 கிராம் வாயு விடும். அதற்கு மாற்று மருந்து கிடையாது. அதனால் இதை வைத்துப் புகைமூட்டம் செய்ய நிறுவனங்களுக்குத் தனி அனுமதி வேண்டும். 10, 20 மாத்திரைகள் கொண்ட குழாய்களை 2001-ல் முழுவதும் தடை செய்தார்கள்.

2022 அக்டோபரில் கிளைபோசேட் களைக்கொல்லிக்கும் இதே வழியை முயன்றார்கள். பூச்சிக் கட்டுப்பாட்டு உரிமம் உள்ளவர்கள் வழியாக மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று மத்திய வேளாண் அமைச்சகம் அறிவிக்கை போட்டது. உடனே எழுந்த கேள்வி: கிராமத்தில் அப்படிப்பட்ட ஆள் எங்கே இருக்கிறார்? நியாயமான கேள்விதான். ஐம்பது வருடமாக வயலில் அடிக்கிறவரை உரிமத்துக்கு வெளியே வைத்துவிட்டு, ஒருநாள் திடீரென்று உரிமம் உள்ளவரைத் தேடினால் எங்கிருந்து வருவார்?

லேபிளைப் படிப்பது

சட்டம் மாறும்வரை நம் கையில் இருப்பது லேபிள். டப்பாவின் முகப்பில் சாய்ந்த சதுரம் ஒன்று இருக்கும், கீழ்ப்பாதியில் நிறம். சிவப்பு மிகக் கொடியது, அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியாகப் பச்சை. பச்சை என்றால் பாதுகாப்பானது என்று அர்த்தம் இல்லை, நாலில் குறைந்த நச்சு, அவ்வளவுதான். இந்த வரிசை பெரும்பாலும் எலியின் வாயில் போனால் எவ்வளவில் சாகும் என்ற கணக்கு. தெளிக்கிறவருக்கோ முக்கிய வழி தோல். உள்ளே இருக்கிற துண்டுச் சீட்டில் நஞ்சின் அறிகுறி, முதலுதவி, மாற்று மருந்து மூன்றும் இருக்கும், வட்டார மொழியிலும் இருக்க வேண்டும் என்பது விதி. காலி டப்பாவை உடைத்து, குடியிருப்புக்குத் தள்ளிப் புதைக்கச் சொல்கிறது விதி 44. அதில்தான் நாம் தண்ணீர் மொள்கிறோம்.

வீட்டுக்கு ஆள் வந்தால் இவற்றைக் கேளுங்கள்: உரிமத்தின் நகல், லேபிளோடு கூடிய அசல் டப்பா, மருந்தின் வேதிப் பெயர், எத்தனை மணி நேரம் வெளியே இருக்க வேண்டும் என்பது. 2024 நவம்பரில் குன்றத்தூர் அருகே ஒரு வீட்டில் எலிக்கு மருந்து வைத்த பிறகு இரண்டு சின்னக் குழந்தைகள் இறந்துபோனார்கள். வைத்தவர்கள் காசு வாங்கிக்கொண்டு இந்தத் தொழில் செய்கிறவர்கள்தான். அதனால் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். யாருக்காவது நஞ்சு ஏறியதாகச் சந்தேகம் வந்தால் 108. டெல்லி எய்ம்ஸ் நஞ்சுத் தகவல் மையத்தின் இலவச எண் 1800 116 117. டப்பாவையோ சீட்டையோ கையோடு எடுத்துப் போனால் டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம்.

இரண்டாவதாகக் கூப்பிட்ட நிறுவனம் உரிமத்தைக் காட்டியது, சீல் உடைக்காத டப்பாவைக் கண்முன்னே திறந்தது, வந்தவர் உறையும் பூட்ஸும் போட்டிருந்தார். வேலை முடிந்து காபி குடிக்கும்போது கேட்டேன், "வருஷத்துக்கு ஒரு தடவை செக்கப் பண்ணுவாங்களாமே?"

"எங்களுக்கா சார்?" என்று சிரித்தார். அப்படி ஒரு விதி இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. போனில் அந்த விதியை எடுத்துக் காட்டினேன். போட்டோ எடுத்துக்கொண்டார்.

சித்தப்பாவிடமும் ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன். இனிமேல் டேங்க் கணக்கு வேண்டாம், நாள் கணக்கில் கூலி கொடுங்கள், உறையும் சோப்பும் நம் செலவு. "பாப்போம்டா" என்றிருக்கிறார். அடுத்த மருந்துக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது.