5,000 பவுண்டு இழுக்கும் எஸ்யூவி, உண்மையில எவ்வளவு இழுக்கும்?

அமெரிக்காவுல இருக்கற ஒரு நேயர் கேட்டிருந்தார்: "என் எஸ்யூவியோட டோயிங் கெபாசிட்டி 5,000 பவுண்டு. நான் பார்த்து வச்சிருக்கற டிராவல் டிரெய்லர் 3,700 பவுண்டு. தாராளமா இழுக்கும்தானே ப்ரோ?"

இன்ஜின் இழுத்துடும். சிக்கல் வேற இடத்துல இருக்கு.

முதல்ல, அந்த 3,700 டிரை வெயிட். அதாவது காலி டிரெய்லரோட எடை. 40 கேலன் தண்ணி டேங்கை நிரப்பினாலே 330 பவுண்டு ஏறும். கேஸ், பாத்திரம், படுக்கை, துணிமணி எல்லாம் சேர்ந்தா 4,600 சர்வசாதாரணம்.

அடுத்ததுதான் முக்கியம். அந்த எடை முழுக்க டிரெய்லர் சக்கரத்து மேல நிக்காது. 10 முதல் 15 சதவீதம், ஹிட்ச் வழியா உங்க வண்டியோட பின்பக்கத்தை அழுத்தும். இதுக்குப் பேர் டங் வெயிட். 4,600-க்கு 13 சதவீதம்னா சுமார் 600 பவுண்டு.

இப்போ டிரைவர் கதவைத் திறந்து, கதவோரம் இருக்கற ஸ்டிக்கரைப் பாருங்க. ஆட்களும் சாமானும் சேர்ந்து எவ்வளவு எடை ஏத்தலாம்னு போட்டிருக்கும். அதுதான் பேலோட். 1,300-ன்னு வச்சுக்குவோம். டங் வெயிட்டும் இதுலதான் கழியணும். 600 போனா மிச்சம் 700. நாலு பேர் 600. ஹிட்ச் சாமான் 80. மீதி வெறும் 20 பவுண்டு! சர்வர்ல சிபியு சும்மா இருக்கும்போதே மெமரி தீர்ந்துபோற கதைதான்.

"பாரத்தை டிரெய்லரோட பின்பக்கம் தள்ளிட்டா?" வேண்டவே வேண்டாம். டங் வெயிட் 10 சதவீதத்துக்குக் கீழ போனா, ஹைவே வேகத்துல டிரெய்லர் இடமும் வலமும் ஆட ஆரம்பிக்கும். ஆட்டம் முத்தினா வண்டியையும் சேர்த்துக் கவிழ்த்துடும்.

அதனால கணக்கைத் தலைகீழா போடுங்க. பேலோட் 1,300-ல ஆட்கள் 600, ஹிட்ச் 80, லக்கேஜ் 150 கழிச்சா 470. அதை 0.13-ஆல வகுத்தா சுமார் 3,600. உங்க டிரெய்லர் முழுசா லோட் ஆன பிறகும் இதைத் தாண்டக் கூடாது. ஹிட்ச்ல போட்டிருக்கற டங் லிமிட்டையும் பாருங்க. 5,000 பவுண்டு எஸ்யூவிகள் பலதுல அது 500-தான்.

ஏற்கெனவே டிரெய்லர் வாங்கிட்டீங்களா? குடும்பம், லக்கேஜ் எல்லாத்தோடயும் ஒரு டிரக் ஸ்டாப் எடைமேடையில ஏத்திப் பாருங்க. பெரிய செலவு ஆகாது. பிரோஷர் நம்பரை விட அந்த ரசீதை நம்பலாம்.