மெடிக்கல் ஷாப் வைக்கலாமா, சார்?

எந்த ஆபீஸ் கேன்டீனிலும் பாருங்கள்... சம்பளம் வந்த மூன்றாம் நாள் 'சைட் பிஸினஸ்' பேச்சு ஆரம்பித்துவிடும். ஜெராக்ஸ் கடை, டிபன் சென்டர், மசாலாப் பொடி ஏஜென்ஸி என்றெல்லாம் சுற்றிவிட்டு, காபி ஆறுவதற்குள் எல்லோரும் வந்து நிற்கிற இடம் ஒன்றுதான். மெடிக்கல் ஷாப்!

காரணமும் கைவசம் வைத்திருப்பார்கள். "தீபாவளிக்குத் துணி எடுக்காம இருப்பான் சார், பிரஷர் மாத்திரை வாங்காம இருப்பானா?", "கத்திரிக்காய் மாதிரி சாயங்காலத்துக்குள்ள வாடிப் போற சரக்கா?"

மற்றவர்கள் பேசிவிட்டு ஃபைலுக்குத் திரும்பிவிடுவார்கள். எங்கள் செக்‌ஷனில் பக்கத்து ஸீட் நண்பர் அப்படியில்லை. பி.எஃப். லோன் எவ்வளவு தேறும் என்று கணக்கே போட்டுவிட்டார். மகள் பெயரோடு 'பார்மஸி' சேர்த்து போர்டுக்குப் பெயர்கூட ரெடி!

"லைசென்ஸுக்கு என்னென்ன வேணும்னு கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லுங்களேன் சார்" என்றார். சட்டத்தையும் விதிகளையும் புரட்டினேன். வெகுகாலமாக மருந்துக்கடை நடத்திவரும் ஒரு பெரியவரிடம் நாலைந்து சாயங்காலம் போய் உட்கார்ந்தேன். தெரிந்துகொண்ட சமாசாரங்கள் உங்களில் யாருக்காவது உபயோகப்படலாம்.

எதற்கு இத்தனை சட்டம்?

சுதந்திரத்துக்கு முன்பு நம் நாட்டில் போலி மருந்தும் கலப்பட மருந்தும் மலிந்து கிடந்தன. அதை ஆராய, கர்னல் ஆர்.என். சோப்ரா தலைமையில் 1930-ல் ஒரு கமிட்டி போட்டார்கள். 1931-ல் அறிக்கை வந்தது. அதன் பலனாக 1940-ல் மருந்துச் சட்டம், 1945-ல் அதற்கான விதிகள், 1948-ல் பார்மஸி சட்டம். இன்றைக்கும் நம் தெருமுனை மெடிக்கல் ஷாப் நிற்பது இந்த மூன்று கால்களின்மேல்தான்.

லைசென்ஸ் இல்லாமல் மருந்து விற்றால்? 'அபராதம் கட்டிட்டு வந்துடலாம்' என்று நினைத்துவிடாதீர்கள். குறைந்தது 3 வருடம், அதிகபட்சம் 5 வருடம் ஜெயில். கூடவே குறைந்தது ஒரு லட்சம் ரூபாய், அல்லது பறிமுதலான மருந்தின் மதிப்பைப் போல மூன்று மடங்கு, இதில் எது அதிகமோ அது அபராதம்!

"அப்போ பெட்டிக்கடையில தலைவலி மாத்திரை தொங்குதே?" என்று கேட்பீர்கள். ஆயிரம் பேருக்கு மேற்படாத சின்னக் கிராமங்களில் பாராசிட்டமால், தைலம், கிரைப் வாட்டர் மாதிரி சில வீட்டு மருந்துகளை, கம்பெனி பாக்கெட்டைப் பிரிக்காமல் விற்க மட்டும் லைசென்ஸிலிருந்து விலக்கு உண்டு. நகரத்துப் பெட்டிக்கடைக்கு அந்தச் சலுகை கிடையாது.

108 சதுர அடியும் மூவாயிரம் ரூபாயும்

சில்லறை மருந்துக்கடைக்குக் குறைந்தபட்சம் 10 சதுர மீட்டர் இடம் வேண்டும். நம் கணக்கில் சுமார் 108 சதுர அடி. சில்லறையும் மொத்த வியாபாரமும் ஒரே இடத்தில் என்றால் 15 சதுர மீட்டர்.

விண்ணப்பம், ஃபாரம் 19. கிடைக்கிற லைசென்ஸ் ஒன்றல்ல, இரண்டு! சாதாரண மருந்துகளுக்கு ஃபாரம் 20. இன்சுலின், தடுப்பூசி, ஆன்டிபயாடிக் போன்ற தனிப் பட்டியல் சரக்குகளுக்கு ஃபாரம் 21. ஒவ்வொன்றுக்கும் கட்டணம் 1,500 ரூபாய். ஆக, மொத்தம் மூவாயிரம்.

நண்பருக்கு இதைச் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. "அவ்வளவுதானா? ஒரு செல்போன் விலைகூட இல்லியே!"

கூடவே வாடகை ஒப்பந்தம், கடையின் வரைபடம், ஃபிரிட்ஜ் வாங்கிய பில் எல்லாம் வேண்டும். ஃபிரிட்ஜ் அலங்காரத்துக்கு அல்ல. இன்சுலினை 2 டிகிரியிலிருந்து 8 டிகிரி செல்சியஸுக்குள் வைக்க வேண்டும். ராத்திரி மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போகிற சிக்கனக்காரர்களுக்கு இந்தத் தொழில் லாயக்கில்லை.

தமிழ்நாட்டில் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உதவி இயக்குநர்தான் தன் மண்டலத்துக்கு லைசென்ஸ் வழங்குபவர். மருந்து ஆய்வாளர் நேரில் வந்து இடத்தைப் பார்ப்பார். அளந்து பார்ப்பார். அப்புறம் அந்தக் கேள்வியைக் கேட்பார்...

"பார்மஸிஸ்ட் எங்கே?"

ஆள் எங்கே?

இங்கேதான் கேன்டீன் கணக்கெல்லாம் கவிழ்கிறது. கடைக்கு முதலாளியாக யாரும் இருக்கலாம். நீங்கள், நான், பக்கத்து ஸீட் நண்பர், யார் வேண்டுமானாலும். ஆனால் டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுப்பதென்றால், பதிவு பெற்ற பார்மஸிஸ்ட் கொடுக்க வேண்டும். அல்லது அவருடைய நேரடி மேற்பார்வையில் கொடுக்க வேண்டும். பிளஸ் டூ சயன்ஸ் முடித்து, இரண்டு வருட டி.பார்ம்., பிறகு 500 மணி நேரப் பயிற்சி, அல்லது நாலு வருட பி.பார்ம். படித்து, பார்மஸி கவுன்சிலில் பெயரைப் பதிந்தவர்தான் அந்த ஆள்.

நண்பர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சர்டிஃபிகேட்டை மாச வாடகைக்குத் தர்றாங்களாமே சார்? ஃபிரேம் போட்டு மாட்டிட்டா போச்சு. கவுன்ட்டர்ல என் மச்சினன் நிப்பான். பத்தாவது பாஸ், கை சுறுசுறுப்பு!"

இதை அப்படியே போய்ப் பெரியவரிடம் சொன்னேன். சிரிப்பார் என்று பார்த்தால், கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"தம்பி, மூட்டுவாதத்துக்கு மெதோட்ரெக்ஸேட்டுனு ஒரு மாத்திரை. டாக்டர் எழுதறது வாரத்துக்கு ஒரு நாள். உங்க நண்பரோட மச்சினன் பழக்கதோஷத்துல 'தினம் ஒண்ணு, சாப்பாட்டுக்கு அப்புறம்'னு கவர் மேல எழுதிக் கொடுத்துட்டார்னு வையுங்க. நோயாளி நம்பித் தினமும் முழுங்குவார். ரத்தம் ஊறுறது குறைஞ்சிடும், வாயெல்லாம் புண்ணாகும், உயிரே போயிடலாம். ஃபிரேமுக்குள்ள இருக்கற சர்டிஃபிகேட் இறங்கி வந்து 'ஐயோ, வாரம் ஒண்ணு'னு சொல்லுமா?"

நான் பதில் பேசவில்லை.

"டாக்டரும் மனுஷன்தானே? அவசரத்துல ஒரு புள்ளி தப்பா விழும். கையெழுத்துல ஒரு பேரு இன்னொரு பேரு மாதிரி தெரியும். டாக்டருக்கும் நோயாளிக்கும் நடுவுல கடைசியா நிக்கிற காவல்காரன்தான் பார்மஸிஸ்ட். அந்த ஆளை வெச்சுத்தான் லைசென்ஸே. ரேக்குக்கும் டியூப் லைட்டுக்குமா கொடுக்கறாங்க?"

சர்டிஃபிகேட்டை வாடகைக்கு விடும் இளைஞர்களும் யோசிக்க வேண்டும். வேறு ஊரில் வேறு வேலை, இங்கே மாதாமாதம் 'சும்மா' ஒரு தொகை... இனிக்கத்தான் செய்யும். ஆனால் கடையில் ஒரு விபரீதம் நடந்தால் ரெக்கார்டில் இருப்பது அவர் பெயர். பார்மஸி சட்டப்படி, பதிவேட்டிலிருந்து பெயரையே நீக்க கவுன்சிலுக்கு அதிகாரம் உண்டு. கடை லைசென்ஸையும் சஸ்பெண்ட் செய்யலாம், ரத்து செய்யலாம். தகுதியில்லாதவர் சீட்டு மருந்து கொடுப்பது தனிக் குற்றம்.

போர்டிலும் சட்டம்!

நண்பர் தயாராக வைத்திருந்த 'பார்மஸி' என்ற பெயரிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. விதிப்படி, பார்மஸிஸ்ட் தேவையில்லாத மருந்துகளை மட்டும் விற்கிற கடைக்குப் பெயர் 'டிரக் ஸ்டோர்ஸ்'. பார்மஸிஸ்ட் உண்டு, ஆனால் மருந்து கலந்து தயாரிக்கும் வசதி இல்லையென்றால் 'கெமிஸ்ட்ஸ் அண்ட் டிரக்கிஸ்ட்ஸ்'. பார்மஸிஸ்டும் இருந்து, தராசு, அளவைக் குடுவை என்று பட்டியல் போட்ட சாதனங்களோடு மருந்து கலந்து தரும் வசதியும் இருந்தால்தான் 'பார்மஸி'! இந்தக் கணக்கில் நம் ஊர் போர்டுகளை ஒரு ரவுண்டு பார்த்தால் நல்ல பொழுதுபோக்கு.

திறந்த பிறகுதான் ஆரம்பம்

லைசென்ஸ் வாங்குவதைவிட அதைக் காப்பாற்றுவதுதான் பெரும்பாடு.

அட்டையில் 'ஆர்எக்ஸ்' போட்ட 'ஷெட்யூல் ஹெச்' மருந்துகளைச் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது. "அந்தக் கம்பெனி இல்லீங்க, இதுவும் அதேதான்" என்று வேறொன்றை மாற்றிக் கொடுக்கவும் கடைக்காரருக்கு உரிமையில்லை.

2014 மார்ச் 1 முதல் 'ஹெச்-1' என்று இன்னொரு பட்டியல் அமலுக்கு வந்தது. வீரியமான ஆன்டிபயாடிக்குகள், சில காசநோய் மருந்துகள், அல்பிரசோலம், டையாஸிபம் வகை மாத்திரைகள் எல்லாம் இதில் அடக்கம். இவற்றை விற்றால் டாக்டர் பெயர், விலாசம், நோயாளி பெயர், மருந்து, எண்ணிக்கை எல்லாவற்றையும் தனி ரிஜிஸ்டரில் எழுதி, 3 வருடம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். 'ஷெட்யூல் எக்ஸ்' மருந்துகளுக்கு லைசென்ஸே தனி. பூட்டு சாவி போட்டுத்தான் வைக்க வேண்டும்.

எக்ஸ்பயரி ஆன சரக்கை விற்கக் கூடாது என்பது தெரிந்ததே. கம்பெனிக்குத் திருப்பி அனுப்பும் வரை அதைத் தனியாகப் பெட்டியில் போட்டு, மேலே 'விற்பனைக்கு அல்ல' என்று எழுதியும் வைக்க வேண்டும். டாக்டர்களுக்கு இலவசமாக வரும் சாம்பிள், அரசு ஆஸ்பத்திரி முத்திரை போட்ட மாத்திரை... இவற்றை விற்பது மட்டுமில்லை, கடையில் ஸ்டாக் வைத்திருந்தாலே குற்றம்.

2017 திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற வழக்கம் போய்விட்டது. ஆனால் ஐந்து வருடத்துக்கொரு தடவை தக்கவைப்புக் கட்டணம் கட்ட வேண்டும். தாமதமானால் மாதத்துக்கு 2 சதவீதம் கூடுதல். ஆறு மாதமும் தாண்டினால் லைசென்ஸ் அம்பேல்! மச்சினனோடு பார்ட்னர்ஷிப் போட்டு, அவர் கோபித்துக்கொண்டு விலகிவிட்டார் என்றாலும் ஜாக்கிரதை. உரிமையாளர்கள் மாறினால் பழைய லைசென்ஸுக்கு அதிகபட்ச ஆயுள் மூன்று மாதம். அதற்குள் புதிது வாங்கியாக வேண்டும்.

லாபம்? 2013-ம் வருட மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, விலை நிர்ணயிக்கப்பட்ட அத்தியாவசிய மருந்துகளுக்கு உச்சவரம்பு போடும்போது சில்லறைக் கடைக்காரருக்கென்று சேர்க்கப்படுவது 16 சதவீதம். அதற்குள்ளேதான் கடை வாடகை, கரன்ட் பில், பையன் சம்பளம் எல்லாம். கேன்டீன் கணக்கில் வழக்கமாக விட்டுப்போகிற பார்மஸிஸ்ட் சம்பளமும் அதற்குள்ளேதான்.

சரி, வழியே இல்லையா?

இருக்கிறது. முதல் வழி, முறையானது. பார்மஸிஸ்டை முழுநேர ஊழியராக, கௌரவமான சம்பளத்தில் வைத்துக்கொள்வது. காலையிலிருந்து ராத்திரி வரை கடை என்றால் ஓர் ஆள் போதாது. இரண்டு ஷிஃப்ட், இரண்டு பேர். முதலீட்டுக் கணக்கில் ரேக், கண்ணாடி, போர்டுக்கெல்லாம் முன்னால் இந்தச் செலவை எழுதுங்கள். அதற்குப் பிறகும் கணக்கு தேறினால் தாராளமாக இறங்கலாம்.

இரண்டாவது, மொத்த வியாபாரம். அங்கே பொறுப்பாளர் பார்மஸிஸ்டாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பட்டதாரியாக இருந்து மருந்துத் தொழிலில் ஒரு வருட அனுபவம் இருந்தாலும் போதும். பத்தாவது தேறியவர் என்றால் நாலு வருட மருந்து விற்பனை அனுபவம் வேண்டும். ஆபீஸ் பட்டதாரிகளுக்கு இதில் ஒரு கதவு திறந்திருக்கிறது. ஆனால் அந்த அனுபவத்தைக் காகிதத்தில் மட்டும் சம்பாதிக்கக் கூடாது!

மூன்றாவது, குடும்பத்தில் ஒரு பார்மஸிஸ்ட். டி.பார்ம்., பி.பார்ம். முடித்துவிட்டு வேலை தேடும் தம்பியோ தங்கையோ இருந்தால், அவரைப் பங்குதாரராக்கி நீங்கள் முதல் போடுங்கள். தமிழ்நாட்டில் 2025 பிப்ரவரி 24 அன்று ஆயிரம் 'முதல்வர் மருந்தகங்கள்' தொடங்கப்பட்டபோதும், தொழில்முனைவோரிடம் கேட்கப்பட்ட தகுதி இந்தப் படிப்புதான்.

நண்பரிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். ரொம்ப நேரம் யோசித்தார். "அக்கா பொண்ணு பி.பார்ம். மூணாவது வருஷம் படிக்கிறா சார். அவ முடிக்கட்டும், அவளையே பார்ட்னராக்கிடறேன். அதுவரைக்கும் லோன் போட வேண்டாம்" என்றார். மச்சினனுக்கு வருத்தமாம். இருக்கட்டும்!

கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் நிற்பவர்களுக்கு...

கடை வைக்கும் எண்ணமே இல்லாதவர்களுக்கும் இந்தச் சட்டத்தில் பங்கு உண்டு. பத்து மாத்திரை அட்டையில் மூன்று கேட்டால், பத்தில் மூன்று பங்கு விலைதான் வாங்க வேண்டும். அதற்குமேல் வாங்கக் கூடாது. மருந்தின் தரத்தில் சந்தேகம் வந்தால், கட்டணம் கட்டி அரசுப் பகுப்பாய்வாளருக்கு அனுப்பிச் சோதிக்க, வாங்கியவருக்கே சட்டத்தின் 26-வது பிரிவு உரிமை தருகிறது. லைசென்ஸை ஜனங்கள் பார்வையில் படும்படி மாட்ட வேண்டும் என்பதும் கட்டாயம்.

அதனால் அடுத்த தடவை அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை வாங்கப் போகும்போது, சில்லறையை எண்ணுவதற்கு முன் சுவரில் மாட்டியிருக்கும் லைசென்ஸை ஒரு பார்வை பாருங்கள். அப்படியே, "இங்க பார்மஸிஸ்ட் யாருங்க?" என்று கேட்டு வையுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்கள். 'நான்தான் சார்' என்று ஒரு குரல் வந்தால் நிம்மதியாக மாத்திரையை வாங்கிக்கொண்டு வாருங்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டால்... தெருவில் இன்னொரு மெடிக்கல் ஷாப் இல்லாமலா போய்விடும்?