நீருக்குள் எல்லைகள்: மூச்செடுக்க ஓர் இடைவேளை

கடைகளில் ‘ஃபைட்டர்’ என்று விற்கப்படும் பெட்டா ஸ்ப்ளென்டென்ஸ், தாய்லாந்தின் சாவ் பிரயா ஆற்றுச் சமவெளியைச் சேர்ந்த மீன். ஆழமில்லாத வயல்நீரிலும் செடி மண்டிய சதுப்பிலும், ஆண் மீன் முட்டைகளுக்காகத் தான் கட்டும் நுரைக்கூட்டைச் சுற்றியுள்ள இடத்தைத் தனக்கென்று காக்கிறது. அந்த இடத்தை இன்னோர் ஆண் நெருங்கினால் நடப்பது இந்த வாரம்.

எடுத்த எடுப்பிலேயே கடி விழுவதில்லை. காவல் மீன் முதலில் நேருக்கு நேர் நின்று செவுள் மூடிகளை விரிக்கும். அடியிலுள்ள கருஞ்சவ்வு வெளியே தெரிய, முகம் சட்டென்று பெரிதாகத் தெரியும். பிறகு பக்கவாட்டில் திரும்பித் துடுப்புகளை விறைத்து, வாலை வீசி எதிரியின் மேல் நீரைத் தள்ளும். தளர்ந்த மீன் துடுப்பை மடக்கி, நிறம் வெளுத்து விலகிவிட்டால் விவகாரம் அதோடு தீர்ந்தது. இந்த மிரட்டல் வெறும் பாவனை அன்று. ஆக்சிஜன் குறைந்த நீரில் ஆண்கள் செவுளை விரிப்பது குறைகிறது என்று 2005-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. உடலில் தெம்பு உள்ள மீனால்தான் நெடுநேரம் விரித்து நிற்க முடியும்.

இருவரும் விலகாவிட்டால்தான் சண்டை. துடுப்புகள் கிழியும், செதில்கள் உதிரும். பின்னர் வாயோடு வாய் கவ்விக்கொண்டு இரண்டும் புரளும். ஆனால் இந்த இனம் செவுளை மட்டும் நம்பி வாழ்வதில்லை. தலைக்குள் இருக்கும் லாபிரிந்த் உறுப்பால் அது காற்றையும் சுவாசிக்கிறது. அதற்காக மேலே வந்தே ஆக வேண்டும். நோரிஹிரோ ஒகாடாவின் குழு 2020-இல் வெளியிட்ட ஆய்வின் அழகு இங்கேதான் இருக்கிறது. ஒரு மணி நேரத்துக்கும் மேல் நீளும் சண்டைகளில், சில நிமிடங்களுக்கு ஒருமுறை இரு மீன்களும் பிடியை விட்டு மேலே போய்க் காற்றை விழுங்கிவிட்டு, மீண்டும் வந்து மோதுகின்றன. கடியும் மூச்சும் இரண்டுக்கும் ஒரே தாளத்தில் அமைகின்றன. ஒற்றுமை நடத்தையோடு நிற்கவில்லை. மோதிய இரு மீன்களின் மூளைகளிலும் மரபணுக்களின் இயக்கம் ஒத்துப்போனது. 20 நிமிடம் மோதிய இணைகளைவிட 60 நிமிடம் மோதிய இணைகளில் அந்த ஒத்திசைவு வலுவாக இருந்தது. எதிரிகள் இருவர் மூளையளவில் ஒன்றுபடுகிறார்கள். பெட்டாவைப் பற்றி இதுவரை தெரியவந்தவற்றில் இதைவிட வியப்பானது வேறில்லை.

வேடிக்கை பார்க்கும் மீனும் சும்மா இருப்பதில்லை. ஒலிவேரா, மெக்ரெகர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 1998-இல் காட்டியபடி, கண்ணாடிக்கு அப்பாலிருந்து சண்டையைப் பார்த்த ஆண், வென்ற மீனை நெருங்கத் தயங்குகிறது. சண்டையில் இந்த மீனுக்கு உள்ள ஈடுபாடும் பெரிது: எதிரியின் காட்சியே வெகுமதியாக இருந்தால் அதற்காக அது வேலை கற்றுக்கொள்ளும் என்று டிராவிஸ் தாம்ப்சன் 1963-இலேயே நிறுவினார்.

வயலில் தோற்ற மீனுக்கு ஓட இடம் உண்டு, தொட்டியில் இல்லை. தாய்லாந்தில் பந்தயத்துக்காகத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்ட வம்சங்களோ எளிதில் பின்வாங்குவதும் இல்லை. இந்த இரண்டும் சேரும்போது சாவு வரலாம். ஆகவே ஒரு தொட்டிக்கு ஓர் ஆண் மட்டுமே. கண்ணாடியைக் காட்டிச் சீண்டும் விளையாட்டையும் நிறுத்திவிட வேண்டும்.

பெண் மீன்களும் தங்களுக்குள் மோதி வரிசை அமைத்துக்கொள்கின்றன. அந்தக் கதை அடுத்த இதழில்.