வெறி முறிந்த பின்

அளவுக்கு மீறிக் குடித்தவரை மறுநாள் காலையில் வாட்டும் தலைவலி, குமட்டல், நாவறட்சி, சோர்வு ஆகியவற்றை ஒருசேரக் குறிக்க, சுவிட்சர்லாந்தில் ஜெர்மன் பேசுவோர் ஆண்பூனைக்கும் வழங்கும் 'காட்டர்' என்ற சொல்லையும், பிரெஞ்சு பேசுவோர் 'மரவாய்' என்று பொருள்படும் தொடரையும் ஆள்கின்றனர். அங்கு குடியேறிய ஈழத்தமிழர் மதுமயக்கத்தை 'வெறி' என்றும் அது தெளிவதை 'வெறி முறிதல்' என்றும் சொல்வர். உடலியல் நோக்கில் இவற்றுள் பொருத்தமானது தமிழ்ச் சொல்லே. ஏனெனில், அத்துன்பம் உச்சத்தை எட்டுவது குருதியில் மது நிறைந்திருக்கும்போது அன்று, அது ஏறக்குறைய முற்றும் நீங்கும் வேளையில்தான்.

மதுவின் போதைப்பொருளான எத்தனாலைக் கல்லீரலின் நொதிகள், அதாவது வேதிமாற்றங்களை விரைவுபடுத்தும் புரதங்கள், முதலில் அசிட்டால்டிஹைடு என்னும் நச்சாகவும் பின்னர் தீங்கு குறைந்த அசிட்டேட்டாகவும் மாற்றுகின்றன. இதற்கிடையே, சிறுநீரை அடக்கிவைக்கும் வாசோபிரெசின் என்ற ஹார்மோன் ஒடுங்குவதால் உடல் நீரை இழக்கிறது; இரைப்பையின் உட்சுவர் புண்படுகிறது; நோய்த்தொற்றின்போது சுரக்கும் அழற்சிப் பொருள்கள் குருதியில் பெருகுகின்றன. மதுவின் மந்தத்தை ஈடுகட்டத் தன்னை முடுக்கிக்கொண்ட மூளை, மது நீங்கிய பின்னும் அந்த முடுக்கத்திலேயே இருப்பதால், பின்னிரவு உறக்கம் துண்டுதுண்டாகி, வெளிச்சமும் ஓசையும் பொறுக்க முடியாதவையாகின்றன. தண்ணீர் தாகத்தைத் தணிக்குமே தவிர, இவற்றைத் தடுக்காது.

இருப்பினும் பழியை எத்தனாலின்மீது போடாமல், அதனுடன் கலந்த வேறொன்றின்மீது போடுவதே குடிப்போர் வழக்கம். இதில் ஓரளவு உண்மை உண்டு. செர்ரிப் பழத்தை நொதிக்கவைத்து வடிக்கும் கிர்ஷ் என்ற சுவிஸ் மதுவில், பழத்தின் பெக்டினிலிருந்து பிறக்கும் மெத்தனால் சிறிதளவு கலந்திருக்கிறது. கள்ளச்சாராயச் சாவுகளால் தமிழகம் நன்கறிந்த அதே மெத்தனால்தான், அளவுதான் வேறு. எத்தனால் தீரும்வரை நொதிகள் இதைப் பெரிதும் தீண்டுவதில்லை. தீர்ந்த பிறகு ஃபார்மிக் அமிலமாக மாற்றுகின்றன. இத்தகைய துணைப்பொருள்கள் மிகுந்த பர்பன் விஸ்கியையும் அவை அரிதான வோட்காவையும் ஒப்பிட்டு 2010இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், விஸ்கி குடித்தோர் மறுநாள் கூடுதலாகத் துன்புற்றனர். ஆனால் கவனத்தையும் விரைவையும் அளந்த சோதனைகளில் இரு சாராரும் ஒன்றுபோலவே பின்தங்கினர்.

இதே பழிமாற்றம் சுவிட்சர்லாந்தின் அரசியல் சட்டம்வரை சென்றது. வால் த திராவேர் பள்ளத்தாக்கில் சோம்பும் எட்டிக்காய்க் கசப்புடைய ஒரு மூலிகையும் சேர்த்து வடிக்கப்பட்ட அப்சிந்த், 'பச்சைத் தேவதை' எனப் புகழ்பெற்றிருந்தது. 1905 ஆகஸ்டில் வோ மாநிலத்தின் கொம்யுன்யி என்ற ஊரில், ழான் லான்ஃப்ரே என்ற தொழிலாளி கருவுற்ற மனைவியையும் இரு மகள்களையும் சுட்டுக் கொன்றார். அன்று அவர் குடித்தவற்றுள் பெரும்பங்கு ஒயினும் பிராந்தியுமே. அப்சிந்த் இரண்டு கிளாஸ் மட்டுமே. எனினும் ஊராரின் சினம் முழுவதும் அப்சிந்தின்மீது திரும்பியது. 1908 ஜூலை 5 அன்று நடந்த பொது வாக்கெடுப்பில் தடைக்குப் பெரும்பான்மை கிடைத்து, 1910இல் அது நடைமுறைக்கு வந்தது. ஒயின் விளையும் நாட்டில் ஒயினைக் குற்றம் சொல்ல யாருக்கு மனம் வரும்? மூளையைக் கெடுப்பதாகச் சொல்லப்பட்ட துஜோன் என்ற மூலிகைப் பொருள், தடைக்கு முந்தைய புட்டிகளைப் பிற்காலத்தில் ஆராய்ந்தபோது லிட்டருக்குச் சராசரியாக 25 மில்லிகிராம் அளவே காணப்பட்டது. எத்தனாலோ ஏறத்தாழ 70 விழுக்காடு.

2005 மார்ச் 1 அன்று அத்தடை நீங்கியது. அதே ஆண்டு ஜனவரி 1 முதல், வாகனம் ஓட்டுவோரின் குருதியில் அனுமதிக்கப்படும் மது, 1000 கிராமுக்கு 0.8 கிராமிலிருந்து 0.5 கிராமாகக் குறைக்கப்பட்டிருந்தது. எதைக் குடித்தார் என்பதைச் சட்டம் விட்டுவிட்டு, எவ்வளவு குடித்தார் என்பதைப் பிடித்துக்கொண்ட ஆண்டு அது. உடல் மதுவை வெளியேற்றும் வேகம் பொதுவாக மணிக்கு 0.1 முதல் 0.15 கிராம்வரையே ஆதலால், இரவு இரண்டு மணிக்கு 1.5 கிராமுடன் உறங்கச் சென்றவர் காலை எட்டு மணிக்கு எழுந்து சாவியை எடுக்கும்போது, அவர் குருதியில் இன்னும் 0.6 கிராமேனும் எஞ்சியிருக்கும். வெறி முறிய நண்பகலேனும் ஆகும்.